தோளில் ஒரு கை

நாற்பது வருஷமாகச் செண்பகத்தின் முகமே வேண்டாம் என்று இருந்த குடும்பத்துக்கு இப்போது அவளுடைய கட்டைவிரல் வேண்டியிருந்தது. விரல் மட்டும் போதும். அதைத் தனியாகக் கழற்றித் தபாலில் அனுப்ப முடியாது என்பதால்தான் ஆளையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

தம்பி கழுகாசலம் போனில் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. மகள் நிறைமதிக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஏடு பார்க்க வருகிறார்கள், ஏட்டில் முத்திரை விழ வேண்டுமானால் கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் விரல் வைத்தாக வேண்டும், இருப்பது நீயும் நானும்தானே அக்கா என்று சுற்றி வளைத்துச் சொன்னான். அக்கா என்று கூப்பிட்டுப் பழக்கம் விட்டுப்போனதால் அந்த ஒரு சொல்லில் மட்டும் அவன் குரல் இடறியது. செண்பகம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். விரல் வைக்கிறேன் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அவனுக்கு உறைக்கவில்லை.

ஜாதகம் பார்த்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது ஏடுதான் பார்க்கிறார்கள். எவன் வேண்டுமானாலும் எந்தப் படத்தை வேண்டுமானாலும் நொடியில் உண்டாக்கலாம் என்று ஆகி, செத்தவர் பேரன் கல்யாணத்தில் மொய் வாங்குவதும் பிறக்காத பிள்ளை மடியில் இருப்பதும் சகஜமாகிப் போன பிறகு, படம் என்றாலே யாரும் நம்புவதில்லை. அப்போது வந்ததுதான் ஏடகம். வீட்டில் இருக்கிற படங்களையெல்லாம், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதப் படம் முதல் உயிர்போன போனுக்குள் இருப்பது வரை, அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தால், வருஷவாரியாக அடுக்கி, பூஞ்சை துடைத்து, கிழிசல் ஒட்டி, இன்னார் இன்னார் என்று பெயரெழுதி, ஒரே ஏடாக்கி முத்திரை வைத்துத் தருவார்கள். முத்திரை விழுந்தால்தான் படம். கோர்ட்டில் அது சாட்சி, பத்திர ஆபீஸில் அது ஆதாரம். இரண்டு விதமான உண்மை ஊருக்குள் உலவக் கூடாது என்று, முத்திரை விழுந்த அன்றே காகிதப் படங்களைத் தொட்டித் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடுவார்கள். கையால் வரைந்த படங்களை அவர்கள் வாங்குவதே இல்லை. வரைந்தது வரைந்தவரின் இஷ்டம், அது சாட்சியாகாது என்பது சட்டம்.

செண்பகம் தூத்துக்குடியில் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தச் சட்டத்தைப் பற்றி அவளுக்கு என்ன அபிப்பிராயம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் கோவில்பட்டி வந்து இறங்கினாள். தோள்பையில் தண்ணீர்ப் பாட்டிலும், இரண்டு பென்சிலும், அவள் எங்கே போனாலும் எடுத்துப் போகிற தடித்த வரைபட நோட்டும் இருந்தன. ஏடகத்தின் கிளை பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது. வாசலில் நின்றிருந்த நரைத்த மனிதரை யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போகப் பார்த்தாள். அவர் 'வாக்கா' என்றதும்தான் அது தம்பி என்று தெரிந்தது. பிரிந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. இப்போது ஐம்பத்தேழு. பத்து வருஷத்துக்கு ஒரு முறையாவது படத்தில் பார்த்திருந்தால் இந்தத் தடுமாற்றம் இருந்திருக்காது.

உள்ளே அவர்களுக்காகக் காத்திருந்த தொகுப்பாளர் ஜெசிந்தாவுக்கு முப்பது வயது இருக்கும். சிரித்த முகம். கழுகாசலம் காபி வாங்கி வந்து அக்காவின் முன்னால் வைத்தான். திரையைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான். பரிசு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிரிக்கச் சொல்லி நிற்பவனின் அவசரம் அவன் முகத்தில் இருந்தது.

ஏடு திறந்தது. முதல் பக்கத்திலேயே செண்பகம் இருந்தாள். அடுத்த பக்கத்திலும் இருந்தாள். தம்பியின் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்டாள். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் மாம்பழக்கலர்ப் பட்டு கட்டிக்கொண்டு ஆரத்தித் தட்டை ஏந்தி நின்றாள். நிறைமதியின் காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். பக்கம் புரளப் புரள அவளுக்கு அளவாக நரை கூடியது, கண்ணாடி வந்தது, கன்னம் கொஞ்சம் இறங்கியது. எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு.

இந்த விசேஷங்கள் எதிலும் அவள் இருந்ததில்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணம் நடந்தது என்பதே அவளுக்கு இந்த நிமிஷம்தான் தெரியும். அப்பா இறந்தபோது கேள்விப்பட்டு ஓடி வந்து, தெருமுனை வரை வந்து, பந்தலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவள் அவள்.

"எல்லாத்துலயும் நீ இருக்கக்கா" என்றான் கழுகாசலம். "நான்தான் இல்லாத ஆளையும் சேத்து நிறைவு பண்ணித் தரச் சொல்லி எழுதிக் குடுத்தேன். ஒரு இடம் விடல."

செண்பகம் ஆரத்தித் தட்டோடு நின்றவளை உற்றுப் பார்த்தாள்.

"இந்தச் சேல நல்லாருக்கு. யாரு எடுத்துக் குடுத்தா?"

ஜெசிந்தாதான் உதவிக்கு வந்து, அந்த வருஷத்தில் அந்தக் குடும்பத்துப் பெண்கள் கட்டியிருந்ததைப் பார்த்து மிஷினே பொருத்தமாக எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினாள். செண்பகம் காகிதப் படங்களைக் காட்டச் சொன்னாள். அது வழக்கமில்லை என்றாலும் கேட்டால் காட்டத்தான் வேண்டும். ஜெசிந்தா உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள்.

அவள் வீட்டில் இருந்த காலத்துப் படங்கள் பதினாறு. பதினாறிலும் ஓட்டை.

அப்பா உன்னை எல்லாப் படத்திலிருந்தும் வெட்டி எறிந்துவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே ஒரு சித்தி ஆள்விட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள். கேட்டதுதான். கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான். ஏனோதானோ என்று வெட்டிய வெட்டு இல்லை அது. ரெட்டைச் சடை, முழங்கை வளைவு, தாவணியின் கொசுவம் எல்லாம் சுற்றி ஒழுங்காக ஓடியிருந்தது கத்தரிக்கோல். ஓட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அவளுடைய உருவமே தெரிந்தது. வரைகிறவள் என்பதால், வேலை சுத்தம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகவே ஆத்திரம் வந்தது.

ஒரு படத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் செண்பகம் நின்ற இடம் ஓட்டை. ஆனால் அம்மாவின் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது, மணிக்கட்டு வரை. அதை வெட்டினால் அம்மாவின் சேலையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். வெட்டியவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். திரையில் இருந்த ஏட்டில் அந்தக் கைக்கு மிஷின் உடம்பு முளைக்கவைத்து, சும்மா இராமல் ஒரு தங்க வளையலும் போட்டுவிட்டிருந்தது.

கடைசிப் படம் அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸில் எடுத்தது. கோவில்பட்டிப் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆயுத பூசை அன்று வாசலில் வாழைக்கன்று கட்டி, குடும்பம் முன்னால் நிற்க, குச்சி அடுக்குகிற பெண்கள் சிலர் பின்னால் நின்றார்கள். அப்பாவின் கையில் கிளி மார்க் தீப்பெட்டி. அந்தக் கிளியைச் செண்பகம்தான் பதினைந்து வயதில் வரைந்து கொடுத்தாள். இந்தப் படம் எடுத்ததற்கு அடுத்த வருஷம் சித்திரையில் தீக்குச்சி மருந்து அறையில் தீப்பிடித்தது. நான்கு பெண்கள் பின்வாசலுக்கு ஓடினார்கள். பெட்டிகளை மடியில் மறைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அந்தக் கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார் அப்பா. மாடத்தி, முத்துக்கனி, பேச்சியம்மாள், லூர்து. நான்கு பேரும் அந்தக் கதவடியிலேயே கிடந்தார்கள்.

விசாரணையில் கதவு திறந்துதான் இருந்தது என்று அப்பா சொன்னார். ஆபீஸில் எல்லோரும் அதையே சொன்னார்கள். இருபத்திரண்டு வயதுச் செண்பகம் எழுந்து, பூட்டியிருந்தது, சாவி எங்கள் வீட்டுப் பூசையறை ஆணியில் தொங்கியது, என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னாள். அப்பாவுக்கு இரண்டு வருஷம். அவளுக்கு வீட்டு வாசல் அன்றோடு அடைத்தது.

இதெல்லாம் அவளுக்குப் பழங்கதை இல்லை. வருஷம் தவறாமல் அந்தத் தேதியில் உட்கார்ந்து அந்த நான்கு பேரையும் வரைவாள். அவர்களுக்கு வீட்டில் படம் கிடையாது, படம் எடுக்க அவர்களிடம் வசதி கிடையாது. முகம் மறந்துவிடக் கூடாது என்பதற்காக வரைவாள். இப்போது அந்த ஆயுத பூசைப் படத்தின் ஓரத்தில், அவளுடைய ஓட்டைக்கு அடுத்தாற்போல், மாடத்தி நின்றாள்.

செண்பகம் நோட்டை எடுத்துப் புரட்டி, போன மாதம் வரைந்த மாடத்தியைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நோட்டில் இருந்தவள் முப்பது வயதுப் பெண், அகலமான முகம், சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தில் இருந்தவளுக்குப் பத்தொன்பது வயது, ஒல்லி, சடையில் ரிப்பன். சிரிக்கவே இல்லை. முதலாளி வீட்டோடு நிற்கச் சொன்னார்களே என்று கூசிப்போய் நின்றாள்.

நாற்பது வருஷமாக நானும் இவளுக்கு வயதைக் கூட்டி, சிரிப்பு ஒட்டி, செப்பனிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது செண்பகத்துக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே திரையில் அதே படத்தைத் தேடினாள். அங்கே ஓட்டை இருந்த இடத்தில் சிரித்த முகத்தோடு செண்பகம். மாடத்தி நின்ற இடத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி.

"இங்க ஒரு பொண்ணு நின்னாளே" என்றாள்.

குடும்பத்தைச் சேராதவர்களைச் சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது என்றும், சம்மதம் வாங்க ஆள் இல்லை என்றால் மிஷின் எடுத்துவிடும் என்றும் ஜெசிந்தா தணிந்த குரலில் சொன்னாள். செண்பகம் நோட்டை மூடினாள். விரல் வைக்க முடியாது என்று சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வேலைக்கு வர முடியாது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

கழுகாசலம் முதலில் கெஞ்சினான். அப்புறம் கோபப்பட்டான். கெட்டது எல்லாவற்றையும் துடைத்துப்போட்டு உன்னை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், அதற்கு இதுதானா மரியாதை என்றான். விரல் வைக்காவிட்டால் 'தொடர்பற்றவர்' என்று எழுதிக் கொடுக்க அவனுக்கு உரிமை உண்டு, அதையும் சொல்லிவிட்டான். அப்படி எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று செண்பகம் ஜெசிந்தாவைக் கேட்டாள்.

"உங்க இடத்த மூடிரும்மா" என்றாள் ஜெசிந்தா. "ரெண்டு பக்கமும் நிக்கிறவங்கள நெருக்கி நிறுத்திரும். நடுவுல ஒரு ஆள் நின்ன தடமே தெரியாது. பெரும்பாலான ஏட்டுல அப்படித்தான் பண்ணியிருக்கோம்."

"வச்சா பல்லக் காட்டிட்டு நிக்கணும், வைக்கலன்னா நான் பொறக்கவே இல்ல. அப்படித்தான?"

"உனக்கு என்னதான்க்கா வேணும்?" என்றான் கழுகாசலம். "ஓட்டையோட கொண்டுபோய் அவுங்க முன்னால வைக்கச் சொல்லுதியா?"

"ஆமா" என்றாள் செண்பகம். "நான் அந்த ஓட்ட வழியாத்தான்டா வீட்ட விட்டு வெளிய போனேன். அதப் பூசாத. உன் கல்யாணத்துல நான் சிரிச்சிட்டு நின்னேன்னா, நம்ம வீட்டுல ஒண்ணுமே நடக்கலன்னு அர்த்தம். நான் கோர்ட்டுல ஏறல. கதவு பூட்டல. நாலு பேரு சாகல. என் பொய்ச் சிரிப்பு போதும், அவ்வளவையும் அழிக்க."

ஜெசிந்தா கொஞ்ச நேரம் திரையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்றாள். அதை யாரும் கேட்பதில்லை என்பதால் அவளும் சொல்வதில்லையாம்.

"தானா கிழிஞ்சா ஒட்டணும், தானா அரிச்சா நிரப்பணும். அதுதான் விதி. வேணும்னே வெட்டினதுன்னா தொடக் கூடாது. ஆனா வெட்டினவங்களே வந்து, நான்தான் வெட்டினேன், இன்ன காரணத்துக்கு வெட்டினேன்னு சொல்லி விரல் வைக்கணும். அப்ப அந்த வெட்டும் படத்துல சேர்த்தி. அந்தப் படத்துல மிஷின் எதையுமே தொடாது. ஓரத்துல நிக்கிற பொண்ணும் அப்படியே இருப்பா."

செண்பகத்துக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. உடனே இறங்கியது. வெட்டியவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அப்பாவை எங்கே போய்க் கூட்டி வருவது என்று கேட்டாள்.

"உங்க அப்பா இடதுகைக்காரரா?" என்றாள் ஜெசிந்தா.

பெட்டிக்குள் இருந்த பரிசோதனைக் குறிப்பை அவள் அப்போதுதான் எடுத்திருந்தாள். வெட்டின ஓரத்தில் கத்தரிக்கோலின் அலகு காகிதத்தை எந்தப் பக்கம் அமுக்கியிருக்கிறது, வளைவில் எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்பதை மிஷின் பார்க்குமாம். அதை வைத்துக் கை எது என்று தெரிந்துவிடுமாம். பதினாறு படத்தையும் வெட்டியது ஒரே ஆள், இடது கை என்று அதில் எழுதியிருந்தது.

மேசைமேல் இருந்த கழுகாசலத்தின் இடது கை மெதுவாகக் கீழே இறங்கி மடிக்குப் போனது. செண்பகம் அதைப் பார்த்தாள்.

அவனுக்கு நொட்டாங்கைப் பழக்கம். சின்ன வயதில் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா அவன் இடது கையைப் பழைய வேட்டித் துணியால் முதுகுக்குப் பின்னால் கட்டிவிடுவாள். மாதக் கணக்கில் கட்டிக் கட்டி, சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் வலது கை வந்துவிட்டது. பையன் சரியாகிவிட்டான் என்று வீட்டில் நிம்மதியாகிவிட்டார்கள். கத்தரிக்கோல் மட்டும் அவனுக்கு வலது கைக்குக் கடைசி வரை வரவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பிரவுன் அட்டை போடும்போது, அக்கா காகிதத்தைப் பிடித்துக்கொள்ள, கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் வெட்டுவான். வளைவெல்லாம் அழகாக வரும். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டான், அவளும் சொல்லவில்லை. வீட்டில் அது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஜெசிந்தா விவரம் தெரிந்த பெண். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

செண்பகம் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் நிமிரவில்லை.

"அப்பா வெட்டச் சொன்னாகளா?"

"இல்ல."

"அம்மா?"

"யாரும் சொல்லலக்கா." அவன் மடியைப் பார்த்தே சொன்னான். "நீ கூண்டுல ஏறுன அன்னைக்கு எனக்கு பிளஸ் டூ பரீட்ச. ஹால்ல வச்சே ஒருத்தன் சொன்னான், உங்க அக்கா உங்க அப்பாவ உள்ள தள்ளிட்டான்னு. வீட்டுக்கு வந்தேன். யாரும் இல்ல. கத்தரிக்கோல எடுத்தேன். ஒண்ணு வெட்டினதும் நிறுத்த முடியல. வெட்டினத எல்லாம் அடுப்புல போட்டுட்டேன்."

"அப்பா பாக்கலியா?"

"ஜெயில்ல இருந்து வந்த மறுநாள் ஆல்பத்தக் கேட்டாக. ஒவ்வொரு பக்கமா பாத்தாக. ஓட்டைக்குள்ள விரல விட்டுத் தடவுனாக. அம்மா வெட்டிட்டான்னு நினைச்சாக. அம்மா, அப்பா வெட்டிட்டாகன்னு நினைச்சா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேக்கல. நீ, அப்பான்னு நினைச்ச. ஒரு மனுசரும் கேக்கலக்கா. யாராவது ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

செண்பகத்துக்குக் கிளி ஞாபகம் வந்தது. அவள் வெளியேறிய பிறகும், அப்பா ஆபீஸை மூடுகிற வரை, தூத்துக்குடிக் கடைகளில் வந்த தீப்பெட்டிகளில் அவள் வரைந்த கிளிதான் இருந்தது. லேபிளை மாற்றினால் வியாபாரம் போய்விடும் என்ற பயம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வேறு மாதிரியும் நினைத்திருக்கலாம் என்று இப்போது தெரிந்தது. கதவைப் பூட்டியவர் அப்பாதான். அதில் மாற்றமில்லை. அதற்காக அவரை வெறுத்தது சரி. கத்தரிக்கோலுக்காகவும் சேர்த்து வெறுத்தது அநியாயம். தெருமுனையில் இருந்து திரும்பிப் போனது அநியாயம். அழுகை வந்தது. தம்பிக்கு முன்னால் அழப் பிடிக்காமல் காபியைக் குடித்தாள். அது ஆறிப்போயிருந்தது.

"அதான் என்னைய எல்லாத்துலயும் ஒட்ட வச்சியா?" என்றாள். "எனக்காகன்னு நினைச்சேன். உன் வெட்ட மறைக்கவா?"

"ரெண்டும்தான்" என்றான் அவன்.

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது. அன்றைக்கு அவன் சொன்னதிலேயே அதுதான் செப்பனிடாதது. ஆனால் விடுகிறவள் இல்லை அவள். ஜெசிந்தா வந்ததும் உன் வாயால் சொல்லு, நான் சொன்னால் செல்லாதாம், நீ சொல்லி, ஒட்டவைத்த என் சிரிப்புகளையும் எடுக்கச் சொன்னால் நானும் விரல் வைக்கிறேன், இல்லையென்றால் தொடர்பற்றவள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உன் மகள் கல்யாணத்தை நடத்து, சண்டைக்கு வரமாட்டேன் என்றாள். மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அவன் இழுத்தான். நினைக்கட்டும் என்றாள். நினைக்கத் தெரிந்தவர்களா என்று உனக்கும் தெரிய வேண்டாமா என்றாள்.

டீ வந்தது, ஜெசிந்தாவும் வந்தாள். கழுகாசலம் நான்தான் வெட்டினேன் என்றான். காரணம் கேட்டபோது முதலில் அக்காவைப் பார்த்தான். பிறகு, அக்கா உண்மையைச் சொன்னாள், அதனால் வெட்டினேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றான். எந்த விரலை வைப்பது என்று கேட்டான். வெட்டின கையோட விரல் சார் என்றாள் ஜெசிந்தா. நாற்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு நல்ல காரியத்துக்கு அவன் இடது கையை நீட்டினான்.

வெள்ளிக்கிழமை போக வேண்டாம் என்றுதான் செண்பகம் இருந்தாள். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் நிறைமதியே போன் செய்தாள். அதுவரை கேட்டிராத குரல். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றும், அத்தை வராமல் அந்த ஏட்டை மேசைமேல் வைக்க விடமாட்டேன் என்றும் சொன்னாள். இவளுக்கும் நம் வாய் வந்திருக்கிறது என்று செண்பகத்துக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா இந்திராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏட்டைப் பிரித்தார். கேசரியும் பஜ்ஜியும் தொடாமல் இருந்தன. முதல் ஓட்டையில் அவர் கை நின்றது. கீழே எழுதியிருந்ததை உதடு அசையப் படித்தார். அவர் ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கம் திருப்பினார், அதற்கடுத்ததும் திருப்பினார். ஆயுத பூசைப் படத்தில் ஓரத்தில் நின்ற பெண்ணின் பெயர் மாடத்தி என்று செண்பகம் சொல்லி எழுதவைத்திருந்தாள். அதையும் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்த செண்பகத்தின் அம்மா படம் வந்ததும் மிச்சமிருந்த கையின் மேல் விரலை வைத்தார்.

"இது யாரோட கை?"

"எங்க அத்தையோடது" என்றாள் நிறைமதி. "இந்தா நிக்காங்க."

இந்திராணி நிமிர்ந்து செண்பகத்தைப் பார்த்தார். கதவோரம் நின்ற அவளுடைய கையைப் பார்த்தார். ஏட்டை மூடவில்லை. சம்பந்தம் பேசவந்தவர்கள் வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லவில்லை. தம் மடியில் இருந்த தங்கள் வீட்டு ஏட்டை எடுத்து, கொடுக்காமல், கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஏட்டுல ஒரு கிழிசல் கிடையாதுங்க" என்றார். "ஒரு ஓட்ட கிடையாது. எல்லாரும் நல்லா நெருக்கி நெருக்கி நிப்போம்."

அறையில் யாருக்கும் உடனே விளங்கவில்லை. செண்பகத்துக்கு விளங்கியது. அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரு?" என்று கேட்டாள்.

"என் தங்கச்சி" என்றார் இந்திராணி. மகனைப் பார்க்காமல் சொன்னார். "தொடர்பற்றவர்னு எழுதிக் குடுத்து வெட்டினது நான்தான்னு இப்பப் போய் விரல் வச்சா, திறந்து விடுவாங்களா?"

காகிதப் படம் இருக்கிறதா என்று செண்பகம் கேட்டாள். அன்றைக்கே கரைத்துவிட்டார்கள் என்றார் அவர். அதற்குமேல் ஏடகத்தில் வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

செண்பகம் தோள்பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். வெள்ளைத்தாள் ஒன்றைப் புரட்டி மடியில் வைத்துக்கொண்டாள். தாளின் அடியில் முதலில் எழுதினாள்: இது ஞாபகம். தப்பாக இருக்கலாம். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டே, ஏடகம் இதை வாங்காது, கோர்ட்டில் செல்லாது, ஆனால் யாரும் கரைக்க முடியாது என்றாள்.

"சொல்லுங்க" என்றாள். "நெத்தி அகலமா, சின்னதா?"

இந்திராணி கண்ணை மூடிக்கொண்டார்.

"சின்ன நெத்தி" என்றார். "இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு. நான் தள்ளிவிட்டுப் பட்டது."